நரம்பு வளர்ச்சிக் காரணிகளும் கால்சியமும்

நியூரான்கள் பிழைத்திருக்கவும் கிளைவிடவும் உதவும் புரதங்கள் நரம்பு வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். நாள்கணக்கில் மெதுவாக வேலை செய்பவை என்றே இவற்றை நெடுங்காலம் கருதிவந்தனர். அந்தக் கருத்தைத் திருத்தியது கால்சியம்.

1938-இன் இத்தாலிய இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தை இழந்த ரீட்டா லெவி-மொன்டால்சினி, டுரினில் தம் படுக்கையறையிலேயே கோழிக்கருக்களை ஆராய்ந்தார். 1952-இல், கட்டி வளர்ந்த சுண்டெலிகளை அமெரிக்காவிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்கு விமானத்தில் கொண்டுபோனார். அங்கே கட்டித் துணுக்கின் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சிலிருந்து, ஒரே நாளில் இழைகள் சூரியக் கதிர்களைப் போலச் சுற்றிலும் விரிந்தன. அதற்குக் காரணமான புரதத்தை ஸ்டான்லி கோஹெனுடன் சேர்ந்து அடையாளம் கண்டார். 1986-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். மூளைக்கு இன்னும் முக்கியமான பி.டி.என்.எஃப். புரதத்தை 1982-இல் ஈவ் பார்டும் ஹான்ஸ் தோனெனும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர்.

ஓய்வில் இருக்கும் நியூரானுக்குள் கட்டற்ற கால்சியம், வெளியே உள்ளதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அதனால் சிறு கசிவும் உள்ளே பெரும் செய்தியாகிவிடுகிறது. 1985-இல் ரோஜர் சியென் குழு வெளியிட்ட ஃபூரா-2 சாயம், கால்சியத்தின் ஏற்ற இறக்கத்தை உயிருள்ள செல்லிலேயே ஒளியாகக் காட்டியது.

அதன் பின்னரே, வளர்ச்சிக் காரணிகள் கால்சியத்தை உயர்த்தும் வழி புரிந்தது. பி.டி.என்.எஃப்., ட்ரக்-பி ஏற்பியில் பொருந்துகிறது. அதனால் தூண்டப்படும் ஒரு நொதி செல்சவ்வின் கொழுப்பை வெட்டி ஐ.பி.3 என்னும் சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. அது எண்டோபிளாச வலையின் கதவுகளைத் திறக்க, அங்கே சேமித்திருந்த கால்சியம் வெளிவருகிறது. வெளியிலிருந்தும் கால்சியம் நுழையலாம்: டி.ஆர்.பி.சி.3 வாயில்களைப் பி.டி.என்.எஃப். திறப்பதை 1999-இல் கண்டனர். அதே ஆண்டு ஆர்தர் கொன்னெர்த் குழு, பி.டி.என்.எஃப். நியூரான்களை மில்லிநொடிகளில் தூண்டுவதாக அறிவித்தது. எல்லா ஆய்வுகளிலும் இந்த வேகம் காணப்படவில்லை. பலவற்றில் கால்சியம் உயர நொடிகளோ நிமிடங்களோ ஆகின்றன.

செய்தி எதிர்த்திசையிலும் செல்கிறது. நியூரான் தூண்டப்படும்போது உள்ளே வரும் கால்சியம், கிரெப் என்னும் புரதத்தின் வழியே பி.டி.என்.எஃப். மரபணுவையே இயக்குவதை 1998-இல் காட்டினர். இந்த இருவழிப் பேச்சே இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு எனலாம்.

நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் மிகுதியாக இருப்பது, நொதிப் பகுதி இல்லாத குறுகிய ட்ரக்-பி ஏற்பி. பி.டி.என்.எஃப்.பைப் பிடித்துவைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை என்றே பலர் ஒதுக்கியிருந்தனர். பி.டி.என்.எஃப். பட்டதும் அந்த ஏற்பியும் செல்லின் சேமிப்பிலிருந்து கால்சியத்தை வெளிவிடச் செய்கிறது என்பது 2003-இல் வெளியாயிற்று.