இரும்புக்குள் ஒரு கோடு

பழைய கார் பைத்தியங்களுக்கு வயிற்றைக் கலக்கும் தருணம் ஒன்று உண்டு. எஞ்சினை இறக்கி, ஹெட்டைத் தூக்கி, பிஸ்டன்களை உருவிவிட்டு, வெறும் பிளாக்கை மேஜைமேல் வைக்கும் நேரம். நீங்கள் 4.2 லிட்டர் ஜாகுவார் இ-டைப் ஒன்றைப் புதுப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எங்கே பார்ப்பீர்கள்? சிலிண்டரின் பளபளப்பையா? அதெல்லாம் அப்புறம். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே இருக்கிற ஒல்லியான இரும்புப் பட்டையைப் பாருங்கள். இந்த பிளாக்கில் விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஏன் அங்கே? அதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும்.

இரண்டாம் உலகப் போர். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. புராதன கதீட்ரலே எரிந்து போனது. போர்க்காலத் தொழிற்சாலைகளில் ராத்திரி முறை வைத்துத் தீக்காவல் இருந்தார்கள். ஜாகுவாரின் தலைவர் வில்லியம் லயன்ஸ், எஞ்சினீயர்கள் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரும் அப்படிக் கண்விழித்தவர்கள்தான். சும்மா உட்கார்ந்திருப்பார்களா? சண்டை ஓய்ந்ததும் செய்யப்போகிற எஞ்சினைப் பற்றிப் பேசிப் பேசியே வடிவம் கொடுத்துவிட்டார்கள்!

அதுதான் எக்ஸ்கே எஞ்சின். 1948 லண்டன் கண்காட்சியில், எக்ஸ்கே 120 காரில் வெளியே வந்தது. ஆறு சிலிண்டர், 3.4 லிட்டர். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 83 மில்லிமீட்டர். இந்த எஞ்சின் பொருத்திய கார்கள் 1951, 53, 55, 56, 57 என்று ஐந்து முறை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தன.

ஜெயிக்கிற குதிரையை யாராவது மாற்றுவார்களா? தீனியைத்தான் கூட்டுவார்கள். விட்டம் 87 ஆனது, 3.8 லிட்டர். 1961-ல் ஜெனீவாவில் இ-டைப் அறிமுகமானது அந்த எஞ்சினோடுதான். அதுவும் போதாமல், 1964-ல் 92 மில்லிமீட்டர், 4.2 லிட்டர். பிளாக்கின் நீளம் மட்டும் கூடவில்லை! ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேரும் குண்டானால் என்ன ஆகும்? ஓரத்து இரண்டு சிலிண்டர்களை வெளியே தள்ளினார்கள். நடு இரண்டையும் நெருக்கினார்கள். இடையிலிருந்த இரும்பு மெலிந்துபோனது.

இப்போது உங்கள் மேஜைக்கு வருவோம். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு மூடிகளைத் தட்டி எடுங்கள். உள்ளே தண்ணீர் ஓடும் வழியில், முக்கியமாகப் பின்கோடியில், துருவும் சேறும் இறுகிக் கிடக்கும். தண்ணீர் போகாத இடத்தில் சூடு ஏறும். மெலிந்த சுவர் எத்தனை வருஷம்தான் தாங்கும்? நன்றாகக் கழுவி, பிளாக்கைக் காந்தமாக்கி, மெல்லிய இரும்புப் பொடியைத் தூவச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் பொடி ஒட்டிக்கொண்டு ஒரு கோடு தெரியும்.

கோடு தெரிந்தால்? “வேற பிளாக் போட்டுக்கலாம் சார்” என்பார் மெக்கானிக். அவசரப்படாதீர்கள். பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே ஓர் எண் பொறித்திருக்கும். தொழிற்சாலைப் பதிவேட்டில் உங்கள் காரின் பெயரோடு எழுதப்பட்ட எண் அது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கார் பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். விலையும் அதைப் பொறுத்ததே. அதனால்தான் வேறு பிளாக்கில் அதே எண்ணைப் பொறித்து விற்கும் கில்லாடிகளும் உண்டு. சுத்தமான போலிப் பத்திரம்!

விரிசலை அடைக்க வழி இருக்கிறது. நெடுகத் துளையிட்டு, ஒன்றையொன்று கவ்வும் திருகுகளால் இரும்பைத் ‘தைத்து’, சிலிண்டருக்குப் புது லைனர் இறக்குகிறார்கள். செலவு பிடிக்கும். ஆனாலும், தைக்கவே முடியாது என்று நல்ல பட்டறைக்காரர் ஒருவர் சொல்லும்வரை அந்த பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.