இரண்டு அங்குலத்தின் வரலாறு: அமெரிக்கப் பொத்தான் கத்தியும் அலகு நீளச் சட்டங்களும்

ஆய்வுச் சுருக்கம்

பொத்தானை அழுத்தியதும் அலகு தானே வெளிவரும் சிறு மடக்குக் கத்தி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அன்றாடக் கருவியாகத் தோன்றியது. 1950-களில் அது இளைஞர் குற்றத்தின் சின்னமாக மாறியது. 1958-இல் கூட்டாட்சிச் சட்டத்தின் தடைக்கு உள்ளாயிற்று. இன்று அதனைத் தேர்ந்தெடுப்போர் எஃகின் தரத்திற்கு முன்னதாக அலகின் நீளத்தை வினவ வேண்டியுள்ளது. இந்த முன்னுரிமையை உருவாக்கியது சட்டமே என்பதையும், கருவியின் முதல் நோக்கமான ஒரு கைப் பயன்பாடு சட்டத்தின் விதிவிலக்குகளில் மட்டும் எஞ்சியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொத்தான் கத்தி, மடக்குக் கத்தி, ஷ்ரேட், 1958 கூட்டாட்சிச் சட்டம், அலகு நீளம், ஒரு கைப் பயன்பாடு

முன்னுரை

அமெரிக்கச் சந்தையில் நாள்தோறும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கென விற்கப்படும் சிறிய பொத்தான் கத்திகள் பலவற்றின் அலகு, இரண்டு அங்குலத்திற்கு மயிரிழை குறைவாக அமைந்திருக்கும். கைப்பிடியில் இரண்டு விரல்கள் நன்றாகப் பொருந்தும். மூன்றாவது விரல் பாதி வெளியே நிற்கும். அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவை அறுக்கவும் கயிற்றைத் துண்டிக்கவும் இது போதும். ஆயினும் அரை அங்குலம் கூடியிருந்தால் பிடிப்பும் வெட்டும் எளிதாகியிருக்கும் என்பதைக் கத்தி செய்வோர் அறிவர். அறிந்தும் நீட்டாமைக்குக் காரணம் கலிபோர்னியாவின் குற்றவியல் சட்டத்தொகுப்பு. இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ அலகுள்ள பொத்தான் கத்தியை உடலில் எடுத்துச் செல்வதையும், பொது இடத்தில் வாகனத்தின் இருக்கைப் பகுதியில் வைத்திருப்பதையும், விற்பதையும் அது குற்றமாக்குகிறது. 1957-இல் தொடங்கிய இச்சட்டத்தின் வாசகத்தில், ஏன் இரண்டு அங்குலம் என்பதற்கு விளக்கம் ஏதும் இல்லை.

கருவியின் வடிவத்தைக் கருவியின் வேலையே தீர்மானிக்கும் என்பது பொருள்சார் பண்பாட்டு ஆய்வில் பரவலான எடுகோள். பொத்தான் கத்தி அதற்கு விலக்காக நிற்கிறது.

தோற்றமும் நோக்கமும்

மடக்குக் கத்தியைத் திறப்பதற்கு இரு கைகள் வேண்டும். ஒரு கை பிடிக்க, மறுகையின் கட்டைவிரல் நகம் அலகிலுள்ள பள்ளத்தில் பதிந்து இழுக்க வேண்டும். பின்புற வில் வலுவாயிருந்தால் நகம் ஒடியும். இந்த எளிய இடர்ப்பாட்டிற்கு விடை கண்டவர்களுள் ஜார்ஜ் ஷ்ரேட் முதன்மையானவர். 1892-இல் அவர் பொத்தான் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்னும் சிற்றூர் இதன் உற்பத்திக் களமாயிற்று. 1904-இல் அவ்வூரிலேயே அவர் தம் சகோதரர்களுடன் ஷ்ரேட் கட்லரி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் வந்த வடிவத்தில் கைப்பிடியின்மேல் சறுக்கித் தள்ளும் பாதுகாப்புத் தாழ் ஒன்று சேர்ந்தது. சட்டைப்பைக்குள் பொத்தான் தற்செயலாக அழுந்திக் கத்தி திறந்துகொள்வதைத் தடுப்பது அதன் பணி. ஆயுதமாகக் கருதப்பட்ட பொருளுக்கு இத்தகைய தாழ் முதன்மைத் தேவையாகியிராது. நாள் முழுவதும் பையில் கிடக்கும் பொருளுக்கே அது தேவை.

அக்கால விளம்பரங்கள் முன்வைத்த வாதமும் இதுவே. நகம் ஒடியாது, ஒரு கையில் வேலை இருக்க மறுகையால் திறக்கலாம் என்பவையே அவற்றின் சாரம். எழுதுமேசைக்குரிய சிறு பேனாக்கத்தி முதல் வேட்டைக்குரிய பெரிய கத்தி வரை பல அளவுகளில் இவை விற்பனையாயின. அளவைத் தீர்மானித்தது வாங்குவோரின் தொழில். நீளத்தை எவரும் குற்றத்தோடு இணைத்து நோக்கவில்லை.

போரும் இறக்குமதியும்

இரண்டாம் உலகப் போர் ஒரு கைப் பயன்பாட்டின் இன்றியமையாமையை மெய்ப்பித்தது. அமெரிக்க வான்குடைப் படையினருக்கு எம்2 என்னும் பொத்தான் கத்தி வழங்கப்பட்டது. அது ஷ்ரேட்டின் ‘பிரெஸ்டோ’ வகையைச் சார்ந்தது. வான்குடைக் கயிறுகள் மரக்கிளையில் சிக்கித் தொங்கும் வீரர் ஒருவருக்கு ஒரு கை மட்டுமே விடுபட்டிருக்கக்கூடும். எனவே அவர் அணிந்த 1942-ஆம் ஆண்டு வகை மேற்சட்டையின் மார்புப் பகுதியில், கழுத்துக்குக் கீழே, இருபுறமும் ‘ஜிப்’ வைத்துத் தைத்த தனிப் பை ஒன்று இக்கத்திக்கென்றே அமைந்தது. எந்தக் கையாலும் எட்டலாம் என்பதே அவ்வமைப்பின் பொருள்.

அதே போர் வேறொரு கத்தியையும் அமெரிக்காவிற்குக் கொண்டுவந்தது. இத்தாலியிலிருந்து திரும்பிய படையினர் மெல்லிய, நீண்ட, குத்துவாள் போன்ற அலகுடைய பொத்தான் கத்திகளை நினைவுப்பொருளாக எடுத்து வந்தனர். வடகிழக்கு இத்தாலியின் மனியாகோ போன்ற கத்தித் தொழில் ஊர்களிலிருந்து இவை பின்னர் வணிகப் பொருளாகவும் இறக்குமதியாயின. விலை மலிவு, தோற்றம் கவர்ச்சி. வெட்டுவதற்கு இவற்றின் அலகு ஏற்றதன்று என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். ஷ்ரேட்டின் கத்தியோடு இவற்றுக்குள்ள உறவு பொத்தான் ஒன்றே. பின்னாளைய சட்டங்கள் பற்றிக்கொண்டதும் அந்த ஒற்றுமையைத்தான்.

அச்சத்தின் ஆண்டுகள்

1950 நவம்பரில் ‘வுமன்ஸ் ஹோம் கம்பேனியன்’ என்னும் இல்லத்தரசியர் இதழில் ஜாக் ஹாரிசன் பொலாக் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ‘கொல்லும் பொம்மை’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அக்கட்டுரை, பொத்தான் கத்தியைச் சிறுவர் கையில் எளிதில் கிடைக்கும் கொலைக்கருவியாகச் சித்திரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இளைஞர் குற்றம் குறித்த அச்சம் நாடு தழுவிய பேச்சாயிற்று. 1955-இல் வெளியான ‘பிளாக்போர்டு ஜங்கிள்’, ‘ரிபெல் வித்தவுட் எ காஸ்’ ஆகிய இரு திரைப்படங்களிலும் பொத்தான் கத்தி திறக்கும் காட்சி இடம்பெற்றது. திறக்கும்போது எழும் ஒலியே ஒரு மிரட்டல் என்பதை இப்படங்கள் பார்வையாளர் மனத்தில் பதித்தன.

இவ்வகையில் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ தனித்து நோக்கத்தக்கது. 1954-இல் தொலைக்காட்சி நாடகமாகவும் 1957-இல் திரைப்படமாகவும் வந்த இப்படைப்பில், கொலைக்குப் பயன்பட்ட கத்தி அபூர்வமானது என்று அரசுத்தரப்பு வாதிடுகிறது. நடுவர் குழு உறுப்பினர் ஒருவர் அதே போன்ற கத்தியைத் தம் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். அப்படி வாங்குவது சட்டவிரோதம் என்று மற்றொருவர் சுட்ட, தாம் சட்டத்தை மீறியதை அவர் ஒப்புக்கொள்கிறார். நியூயார்க் மாநிலம் 1954-இல்தான் பொத்தான் கத்திக்குத் தடை விதித்திருந்தது என்பதை நினைத்தால் இவ்வுரையாடலின் காலப்பொருத்தம் விளங்கும். பாசு சாட்டர்ஜி இதனை இந்தியில் ‘ஏக் ருகா ஹுவா ஃபைசலா’ (1986) எனத் தழுவியபோதும் கத்திக் காட்சி விடுபடவில்லை. அச்சத்தை வளர்த்த படங்களின் வரிசையில் வைத்தே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் ஒரு கருவியை வைத்திருப்பதிலிருந்து ஒருவனது நோக்கத்தைப் படித்துவிட முடியாது என்பதே அக்காட்சியின் உட்பொருள்.

நியூயார்க்கின் தடையிலும் வேட்டை, மீன்பிடி உரிமம் பெற்றோருக்கு விலக்கு இருந்தது. நகரத்து இளைஞன் கையில் குற்றமாகும் பொருள், நாட்டுப்புற வேட்டையாளர் கையில் கருவியாகும் என்ற வர்க்க வேறுபாடு அச்சட்டத்திலேயே பதிவாகியுள்ளது.

1958 சட்டத்தின் வாசகம்

கூட்டாட்சிச் சட்டம் 1958 ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. மசோதா விவாதத்திலிருந்தபோது அரசின் நீதித்துறையும் வணிகத்துறையும் அதற்கு ஆதரவு தர முன்வரவில்லை. இது மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காவல் பணி என்பதும், கத்திக்கு முறையான பயன்கள் உண்டு என்பதும் எழுந்த தயக்கங்கள். ஆயினும் மசோதா நிறைவேறியது.

இச்சட்டம் பொத்தான் கத்தியை வைத்திருப்பதை நாடெங்கும் குற்றமாக்கிவிட்டது என்ற கருத்து பரவலாக உள்ளது, அது பிழை. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் அதனைப் புகுத்துவதும் அவ்வணிகத்திற்காக உற்பத்தி செய்வதும் தடுக்கப்பட்டன. வைத்திருத்தல் குற்றமானது கூட்டாட்சியின் நேரடி அதிகாரத்திற்குட்பட்ட நிலப்பகுதிகளில் மட்டுமே. தண்டனை 2,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கைப்பிடியிலுள்ள பொத்தானைக் கையால் அழுத்துவதாலோ, புவியீர்ப்பாலோ, வீச்சாலோ தானே திறக்கும் அலகுடையது எதுவோ அதுவே தடைக்குரிய கத்தி என்பது வரையறை. வரையறையில் நீளம் இல்லை, கூர்மை இல்லை, நோக்கமும் இல்லை. திறக்கும் முறை மட்டுமே உள்ளது. சமையலறையிலிருக்கும் எட்டு அங்குலக் கத்தி இதில் அடங்காது. ஓர் அங்குலப் பேனாக்கத்தி அடங்கும்.

நீளம் விதிவிலக்கில்தான் வருகிறது. ஒரு கை மட்டும் உடைய ஒருவர் மூன்று அங்குலமோ அதற்குக் குறைவோ அலகுள்ள பொத்தான் கத்தியை வைத்திருக்கலாம், உடன் எடுத்துச் செல்லலாம் என்கிறது சட்டம். படைத்துறைப் பணியாளருக்கும் தனி விலக்கு உண்டு. ஷ்ரேட்டின் விளம்பரம் எல்லோருக்கும் உரியதாகச் சொன்ன பயன், இவ்வாறு கையிழந்தோர்க்கும் படையினர்க்கும் உரிய சலுகையாகச் சுருங்கியது.

அளவுகோலும் தேர்வும்

மாநிலங்கள் தத்தம் போக்கில் சென்றன. சில முழுத்தடை விதித்தன. கலிபோர்னியா போன்றவை நீள வரம்பு வகுத்தன. இந்தியச் சூழலிலும் இதற்கு இணையுண்டு: 1980-இல் தில்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை, பொத்தானாலோ விற்சுருளாலோ திறக்கும் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளத்தையும் 1.72 சென்டிமீட்டர் அகலத்தையும் எல்லையாக வைத்தது. 7.62 சென்டிமீட்டர் என்பது துல்லியமாக மூன்று அங்குலம். தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘பட்டன் கத்தி’ என எழுதுவது இவ்வகையையே.

நீளத்தைச் சட்டம் அளவாக்கியதும், எங்கிருந்து எதுவரை அளப்பது என்ற சிக்கல் எழுந்தது. தீட்டிய விளிம்பை மட்டும் அளந்தால் ஒரு கத்தி வரம்புக்குள் நிற்கும். நுனியிலிருந்து கைப்பிடி வரை அளந்தால் அதே கத்தி வரம்பைத் தாண்டும். அமெரிக்கக் கத்தித் தொழிலோரின் அமைப்பு, நுனியிலிருந்து கைப்பிடியின் முன்முனை வரை நேர்க்கோட்டில் அளப்பதைப் பரிந்துரைக்கிறது. இரண்டு அங்குலத்தைத் தொடாமல் சற்றுக் குறைத்தே செய்யும் வழக்கத்திற்கு இந்த ஐயப்பாடும் ஒரு காரணம் எனலாம்.

அலகைக் குறைத்தால் கத்தி முழுவதும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. இன்றைய பக்கவாட்டில் திறக்கும் வகையில், அச்சாணியைச் சுற்றிய சுருள்வில் அலகை உந்துகிறது. ஒரே பொத்தான் அலகை மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் பூட்டுகிறது. அப்பொத்தான் தாங்கும் விசை குறையாதாகையால் அதன் தடிமனைக் கணிசமாகக் குறைக்க இயலாது. விளைவாகச் சிறு கைப்பிடியில் பொத்தான் பேரிடத்தை அடைத்துக்கொள்கிறது; கைப்பிடியின் தளத்திற்குள் அது சற்றே அமிழ்ந்திராவிட்டால் பைக்குள் அழுந்தும் வாய்ப்பு மிகுதி. வில் வலுவாயிருந்தால் திறக்கும் உதைப்பில் கத்தியே கையிலிருந்து நழுவும். தளர்வாயிருந்தால் அலகு முழுதும் திறவாமல் நிற்கும். முன்முனை வழியாக அலகு நேராக வெளிவரும் வகையில் வேறு இடர் உண்டு. அலகு முழுவதும் கைப்பிடிக்குள் அடங்க வேண்டுமாதலால் கைப்பிடி அலகைவிட நன்கு நீளமாகும். அதன் இருவழி வகையில் ஓய்வுநிலையில் வில் இழுபட்டிருப்பதில்லை என்பது நன்மை; அலகு சற்று ஆடும் என்பது குறை. ஆகவே நாள்தோறும் உடன்வைக்கத் தேர்வோர் வில்லின் அளவான உந்துதல், அமிழ்ந்த பொத்தான், தாழின் உறுதி ஆகியவற்றை அலகின் எஃகைவிட முன்னே வைத்து நோக்குவதே தகும். இவற்றுள் தாழ் மட்டுமே ஷ்ரேட் காலத்துக் கவலை. ஏனையவை கணிசமாக இரண்டு அங்குலம் பெற்றுத்தந்தவை.

நீக்கங்களும் தீர்ப்புகளும்

வரையறை திறக்கும் முறையைப் பற்றியதாகவே இருந்ததால் அதன் எல்லை ஓயாமல் விரிந்தது. நியூயார்க்கில் புவியீர்ப்புக் கத்திக்கான தடையைக் காவலர்கள் மணிக்கட்டு வீச்சால் சோதித்துச் செயற்படுத்தினர். ஒரு காவலரின் வீச்சுக்குத் திறவாத கத்தி மற்றொருவரின் வீச்சுக்குத் திறக்கலாம். கடைகளில் வெளிப்படையாக விற்ற சாதாரண வேலைக்கத்திகளை வைத்திருந்த தொழிலாளர் பலர் இவ்வாறு கைதாயினர். அவர்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய நீக்க மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அத்தடையைத் தெளிவற்றது எனக் கண்டது. அதே ஆண்டு மே மாத இறுதியில் அது நீக்கப்பட்டது. பொத்தான் கத்தித் தடை அங்கு நீங்கவில்லை.

கூட்டாட்சி அளவில் 2009-இல் இதே சிக்கல் எழுந்தது. அலகைக் கையால் சிறிது தள்ளிய பின்னரே வில் உதவும் கத்திகளையும் பொத்தான் கத்தியாகக் கொள்ளச் சுங்கத்துறை முற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, மூடிய நிலையை நோக்கி அழுத்தும் அமைப்புள்ள கத்திகளுக்கு விலக்களித்தது. பொத்தானில் விரல் வைத்தால் குற்றம், அலகில் விரல் வைத்தால் குற்றமன்று என்ற நுண்பிரிவு இவ்வாறு சட்டமாயிற்று. கையில் நிகழும் விளைவு ஏறத்தாழ ஒன்றே.

மாநிலத் தடைகள் ஒவ்வொன்றாக விலகின: நியூ ஹாம்ப்ஷயரில் 2010, டெக்சாசில் 2013, மிச்சிகனில் 2017. 2024 ஆகஸ்டில் இருவேறு நீதிமன்றங்கள் இருவேறு திசையில் தீர்ப்பளித்தன. மாசசூசெட்சின் உச்ச நீதிமன்றம், குடியேற்றக் காலம் தொட்டு மடக்குக் கத்தி மக்களின் அன்றாட உடைமை என்ற வரலாற்றைச் சுட்டி, பொத்தான் கத்தித் தடை அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்திற்கு முரணானது என்றது. கலிபோர்னியாவில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இரண்டு அங்குல வரம்பை நிலைநிறுத்தியது. 1958 சட்டத்தின் ஒரு கை விதிவிலக்கோ 2009 திருத்தத்திலும் தொடப்படவில்லை; மூன்று அங்குலமும் அப்படியே உள்ளது.