விரியும் வெளி: எங்கிருந்து, யாருக்கிடையில்?

தமிழில் 'வெளி' என்கிற சொல்லுக்கு ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு அர்த்தங்கள் உண்டு. மந்தைவெளி, வானவெளி என்னும்போது அது எல்லோரும் நிற்கக்கூடிய திறந்த இடம். 'வெளியே நில்லு' என்னும்போது அது துரத்தப்பட்டவனின் இடம். வெளி விரிந்துவிட்டது என்று விஞ்ஞானிகளும் நாடகக்காரர்களும் தகவல்தொடர்புக்காரர்களும் சொல்லும்போதெல்லாம், இந்த இரண்டில் எந்த வெளி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விஞ்ஞானத்திலிருந்தே தொடங்கலாம். 1922இல் ருஷ்யாவின் ஃப்ரீட்மனும் 1927இல் பெல்ஜியப் பாதிரியார் லெமைத்தரும் சமன்பாடுகளின் வழியாக வந்தடைந்த முடிவுக்கு, 1929இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்திலிருந்து எட்வின் ஹபிள் ஆதாரம் தந்தார். எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விண்மீன் மண்டலங்கள் விலகிப் போகின்றன. இதை நாம் ஒரு வெடிகுண்டாகக் கற்பனை செய்துகொள்கிறோம்: நடுவில் வெடிக்கிறது, சுற்றிலுமுள்ள காலி இடத்துக்குள் சிதறல்கள் பாய்கின்றன. தப்பு. அப்படி ஒரு காலி இடம் அங்கே காத்துக்கொண்டிருக்கவில்லை. மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளிதான் நீள்கிறது. எந்த மண்டலத்தில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தெரியும். யாரும் மையம் இல்லை.

ஆனால் மையமற்ற இந்தப் பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்த நிறுவனங்களில் மையமும் விளிம்பும் கறாராகவே இருந்தன. நட்சத்திரத் தூரங்களை அளக்க ஹபிள் பயன்படுத்திய விதியை 1912இல் உறுதி செய்தவர் ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்டில் கணக்குப் போடும் வேலைக்கு வைக்கப்பட்டிருந்த பெண்களில் ஒருவர். தொலைநோக்கி ஆண்களின் கையில் இருந்தது. கண்ணாடித் தகடுகள்தான் இவருக்கு. மண்டலங்களின் வேகத்தை இரவிரவாக அளந்த மில்டன் ஹூமேசன், அதே மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர். பிறகு அங்கேயே துப்புரவுப் பணியாளர். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். பிரபஞ்சம் விரிகிறது என்று சொல்ல, உள்ளே விடப்படாதவர்களின் கையும் கண்ணும் தேவைப்பட்டிருக்கின்றன.

விண்ணியலை அப்படியே சமூகத்தின் மேல் ஒட்டுவது மோசடி என்பது தெரியும். நான் கடன் வாங்குவது இரண்டு படிமங்களை மட்டும். ஒன்று, மையத்திலிருந்து காலி இடத்துக்குள் பாய்கிற வெடிகுண்டு. மற்றது, ஒருவருக்கொருவர் இடையில் உண்டாகிற வெளி.

முதல் படிமத்துக்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவிடம் இரவல் வாங்கிய துணைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. விவசாயம், சுகாதாரம், பிள்ளைகளுக்குப் பாடம். பயனில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேதியைக் கவனிக்க வேண்டும். 1975 ஜூன் 25இல் நெருக்கடிநிலை வந்தாயிற்று. பத்திரிகைக்குத் தணிக்கை, பேசியவர்களுக்குச் சிறை. அந்த நேரத்தில்தான் வானத்திலிருந்து கிராமத்துக்குக் குரல் இறங்குகிறது. கிராமத்திலிருந்து மேலே ஒரு சொல்கூடப் போக வழியில்லை. கிராமம் இங்கே நிரப்பப்பட வேண்டிய காலி இடம், அவ்வளவுதான். வருஷம் முடிந்ததும் துணைக்கோளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொண்டது.

இன்னொரு வழி சாத்தியமில்லை என்று சொல்ல முடியாது. அதே 1975இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்கிற கிராமத்தில் ஒரு சிறிய ஒளிபரப்பி வைத்தார்கள். கூலி, தீண்டாமை என்று அந்த மாவட்டத்தின் பிரச்சினைகளையே எடுத்து, கிராமத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு நிகழ்ச்சிகள் தயாரித்தார்கள். 1984இல் யுனெஸ்கோவின் பரிசுகூடக் கிடைத்தது. மறுவருஷமே அந்த ஒளிபரப்பியை எடுத்துப்போக உத்தரவு வந்தது. எங்கே? நம்ம சென்னைக்கு! நகரத்துக்கு இரண்டாவது சேனல் வேண்டுமாம். கேடா ஜனங்கள் எதிர்த்துப் போராடினார்கள். நமக்கு விரிந்த வெளி யாரிடமிருந்து பிடுங்கப்பட இருந்தது என்று இங்கே எத்தனை பேர் கேட்டோம்?

இதே வருஷங்களில் கல்கத்தாவில் பாதல் சர்க்கார் வேறொன்று செய்துகொண்டிருந்தார். தொழிலில் அவர் நகரத் திட்டமிடுபவர். வெளியைக் கோடு போட்டுப் பிரிப்பது அவருக்குத் தெரிந்த வேலை. காலனியம் கொண்டுவந்த படச்சட்ட மேடையை விட்டு, 1970களின் தொடக்கத்தில், நடிகனும் பார்வையாளனும் ஒரே வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். கர்சன் பூங்காவில் டிக்கெட் இல்லாமல் நாடகங்கள் நடந்தன. 1974 ஜூலை 20இல் அதே பூங்காவில் கூடியிருந்தவர்கள் மேல் போலீஸ் நடத்திய தடியடியில் பிரபீர் தத்தா செத்துப்போனார். மேலிருந்து இறங்குகிற குரலுக்கு அரசு செலவழிக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் பேசிக்கொண்டால் தடி வரும்.

1980இல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சிப் பட்டறை நடத்தியதிலிருந்து நம்மிடமும் வீதி நாடகம் பற்றிய பேச்சு வலுத்தது. மேடையை விட்டு வீதிக்கு வந்தால் போதும், வெளி விரிந்துவிடும் என்று நம்பினோம். ஆனால் யாருடைய வீதி? வடமாவட்டத்தில் எங்க ஊர்ப்பக்கம் கூத்துக்கு மேடையே கிடையாது. நாலு பக்கமும் ஜனம். சின்ன வயசில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். காலனி ஆட்கள் மட்டும் களத்துமேட்டுக்கு அந்தாண்ட, வரப்பில் நின்றே பார்ப்பார்கள். ஒரு கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. எவரும் அதைத் தாண்டி வரவும் இல்லை. விண்ணியலிலும் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது: ஈர்ப்பால் இறுகப் பிணைந்து கிடப்பவற்றுக்கு உள்ளே வெளி விரிவதில்லை. மண்டலங்களுக்கிடையே விரியும்; நம் தெருவுக்குள் விரியாது. சாதியின் ஈர்ப்பு இருக்கும்வரை மேடையைக் கழற்றி எறிவதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஊருக்கும் காலனிக்கும் வாட்ஸ்அப் குழு தனித்தனி.

அப்படியானால் வெளி எப்போதுதான் விரிகிறது? 1989 ஜனவரி 1இல் தில்லிக்கு அருகே ஜண்டாப்பூரில் தொழிலாளர்களுக்கு நடுவே நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள். மறுநாள் இறந்தார். ராம் பகதூர் என்கிற தொழிலாளியும் கொல்லப்பட்டார். 4ஆம் தேதி, ஹாஷ்மியின் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுசாக நடத்தினார்கள். புதிதாக ஒரு அடி நிலம்கூட அவர்கள் பிடிக்கவில்லை. விரட்டப்பட்ட இடத்திலேயே திரும்ப வந்து நின்றார்கள்; பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. எங்க ஊர் வரப்பில் நின்றவர்களுக்கும் களத்துக்கும் இடையில் இருந்தது இருபதடி இருக்கும். அந்த இருபதடியைப் பற்றி நம் நாடகம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.