கிராஸ், ஃபினிஷிங் பயிற்சி: இளையோர் கால்பந்து

மைதானத்தின் பக்கவாட்டிலிருந்து எதிரணியின் கோல் முன்புறத்துக்குப் பந்தை அனுப்புவது கிராஸ். அதைக் கோலாக்குவது ஃபினிஷிங். இரண்டையும் தனித்தனியே பழக்கலாம். ஆயினும் சேர்த்துப் பயிற்றுவிக்கும்போதுதான் முழுப் பயன் கிடைக்கிறது. இங்கே உதையைவிடக் கடினமானது நேரக்கணிப்பு.

கிராஸ் அடிப்பவர் உதைக்குமுன் தலை நிமிர்ந்து பார்க்கவும், ஊன்றுகாலைப் பந்தருகே வைத்து இடுப்பை இலக்கை நோக்கித் திருப்பவும் கற்கிறார். கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கும் நடுவிலுள்ள வெற்றிடமே சிறந்த இலக்கு. உள்ளே ஓடுபவர்கள் அருகுக் கம்பம், தொலைக் கம்பம், பெனால்டி புள்ளி எனப் பிரிகின்றனர். சிறுவர்கள் பெரும்பாலும் பந்து வருமுன்பே கோல்வாயில் போய் நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பவரைத் தடுப்பது எளிது. தாமதமாகப் புறப்பட்டு வேகமாக வந்து சேரப் பழக்குவதே பயிற்சியாளரின் முதன்மைப் பணி. கோலுக்கு அத்தனை நெருக்கத்தில் பலமான உதை தேவையில்லை. பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் திசையை மாற்றினாலே போதும்.

முதலில் எதிராளி இல்லாமலும், பின்னர் ஒரு தடுப்பாட்டக்காரரை வைத்தும், இறுதியில் சிறு ஆட்டமாகவும் பயிற்சி வளர்கிறது. வரிசையில் நெடுநேரம் காத்திருக்க வைப்பது வீண்.

சிறார்க்குத் தரையோடு செல்லும் கிராஸே ஏற்றது. தலையால் பந்தை முட்டுவதைத் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் விலக்கியது.