கணக்கர் மேசையில் ஒரு கவிஞர்: வால்ட்டர் டி லா மேர்

இலண்டன் நகரில் ஆங்கிலோ-அமெரிக்கன் எண்ணெய்க் கம்பெனியின் புள்ளிவிவரப் பிரிவில் 1890ஆம் ஆண்டு எழுத்தராகச் சேர்ந்த வால்ட்டர் டி லா மேர், 18 ஆண்டுகள் அந்த மேசையை விட்டு எழவில்லை. எண்ணெய்க் கணக்கைக் கூட்டிக் கழித்துக் கொண்டிருந்த அந்தக் கைதான் ஆங்கிலக் குழந்தைக் கவிதைக்குப் புதியதொரு குரலைத் தந்தது. பிழைப்புக்கு ஒரு தொழிலும் உயிர்ப்புக்குக் கவிதையுமாக வாழும் நம் வட்டத்து அன்பர்களுக்கு அவர் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

1873 ஏப்ரல் 25இல் கெண்ட் மாவட்டத்துச் சார்ல்ட்டனில் பிறந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். செயின்ட் பால் பேராலயத்தின் பாடகர் பள்ளியில் பயின்றார். கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. பேராலய இசையில் தோய்ந்த அந்தச் செவியே பின்னாளில் அவருக்கு யாப்பாசான் ஆயிற்று என்பது என் எண்ணம்.

1899இல் எல்ஃப்ரிடா இங்பெனை மணந்தார், பிள்ளைகள் நால்வர். முதற் கவிதை நூலான ‘குழந்தைமைப் பாடல்கள்’ 1902இல் வெளிவந்தது. வால்ட்டர் ரமால் என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். தம் குடும்பப் பெயரைப் பின்னிருந்து படித்துப் பிறந்த பெயர் அது! நூல் அதிகம் விற்கவில்லை. குழந்தைப் பாட்டு, பெரிய கவிதைக்கு ஏறும் முன் கால்வைக்கும் படி என்று பலரும் கருதுவர். இவரோ அங்கேயே தொடங்கினார். இறுதிவரை அதைக் கைவிடவுமில்லை.

கவிஞர் ஹென்றி நியூபோல்ட்டின் முயற்சியால் 1908இல் அரசு ஆண்டுக்கு 100 பவுன் ஓய்வூதியம் அளித்தது. அறுவர் கொண்ட குடும்பத்துக்கு அது போதாது. மதிப்புரைகள் எழுதியே எஞ்சிய பள்ளத்தை நிரப்பினார். ஆயினும் வேலையைத் துறந்த ஐந்தே ஆண்டுகளில், தம் குழந்தைகளுக்குச் சொல்லிய மூன்று குரங்கரசிளங்குமரர்களின் கதை (1910), ‘கேட்போர்’ (1912), ‘மயில் அப்பம்’ (1913) என நூல்கள் வரிசையாக வந்தன. ஓர் அரசு கவிதைக்காகச் செலவிட்ட தொகையில் இவ்வளவு பலன் தந்தது அரிது.

‘கேட்போர்’ என்னும் தலைப்புக் கவிதையில், நிலவொளியில் காட்டு நடுவே ஒரு வீட்டின் கதவைக் குதிரைப் பயணி ஒருவன் தட்டுகிறான். உள்ளிருந்து கேட்கும் நிழலுருக்கள் மறுமொழி தருவதில்லை. அவன் காத்த வாக்கு எது, யாருக்குக் கொடுத்தது என்பதைக் கவிஞர் சொல்வதே இல்லை. விளக்கம் வேண்டுமென்று பெரியவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். குழந்தைகளோ அந்த மௌனத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இவ்வேறுபாட்டை அவரே ஆராய்ந்தார். போரில் பணியாற்றுகையில் 1915இல் மறைந்த ரூபர்ட் புரூக், தம் உடைமையில் ஒரு பங்கை இவருக்கு எழுதிவைத்திருந்தார். அந்நண்பரைப் பற்றி 1919இல் நூலாக வந்த சொற்பொழிவில், கற்பனையை இரண்டாகப் பகுத்தார்: குழந்தையினது உள்நோக்கிக் கனவு காண்பது, சிறுவனது அறிவின் துணைகொண்டு வெளியுலகைத் துருவுவது. புரூக்கை இரண்டாம் வகையில் வைத்தார். அவர்தம் இடம் எதுவென்று வாசகர் தாமே அறிவர்.

புதுக்கவிதை எழுச்சியின்போது அவர் பழமைவாதியாகக் கருதப்பட்டார். பெரியோர்க்கான பாடல்கள் சிலவற்றில் வழக்கிறந்த சொற்களும் முறைமாறிய தொடர்களும் சலிப்பூட்டுவது உண்மையே. குழந்தைப் பாடல்களில் அக்குறை மிகக் குறைவு. புதுமையின் தலைவரான டி.எஸ். எலியட்டே இவருடைய 75ஆம் பிறந்தநாளுக்கு வாழ்த்துக்கவி பாடினார். ஆடன் 1963இல் இவர் கவிதைகளைத் தேர்ந்து தொகுத்தார்.

குழந்தைகளுக்கான கதைத் தொகுப்புக்கு 1947ஆம் ஆண்டின் கார்னெகி பதக்கமும், 1953இல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருதும் கிட்டின. 1956 ஜூன் 22இல் டுவிக்கன்ஹாமில் மறைந்தார். பாலகனாகப் பாடிய பேராலயத்தின் நிலவறையிலேயே அவருடைய சாம்பல் வைக்கப்பட்டது. பெரியோர்க்கானவை 1942இலும் சிறுவர்க்கானவை 1944இலும் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்திருந்தன. 1969இல் வந்த முழுத்தொகுப்பில் அவை ஒரே அட்டைக்குள் அமர்ந்தன.