வாய் திறவாத சாட்சி
1947ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலக் குற்றப்படமும் அதன் காலமும்

செய்யாத குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவன், சிறையிலிருந்து தப்பித் தன் பழியைத் தானே துடைக்கப் புறப்படுகிறான். கதை சொல்லும் மரபில் இது பழம்பொருள். இத்தகைய கதைகளை நாம் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதிக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஒரு நாட்டு மக்கள் தம் நீதிமன்றங்களின்மீது எத்துணை நம்பிக்கை வைத்திருந்தனர் என்பதை, அந்நாட்டுச் சட்ட நூல்களைக் காட்டிலும் இக்கதைகளின் முடிவுகள் தெளிவாக உரைக்கும். அவ்வகையில் 1947ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான 'தே மேட் மி எ ஃப்யூஜிட்டிவ்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு வரலாற்று ஆவணமாகவே கொள்ளத்தக்கது. 'என்னைத் தப்பியோடுபவன் ஆக்கினார்கள்' என்பது அத்தலைப்பின் பொருள். ஆக்கினவர் யார் என்னும் வினா அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

முன்னோர் கதைகள்

இங்கிலாந்தில் நிரபராதியின் கதைக்கு வரலாற்று வேர் உண்டு. அடால்ஃப் பெக் என்பவர், பெண்களை ஏமாற்றி நகை பறித்த வேறொருவன் என்று தவறாக அடையாளம் காட்டப்பட்டு 1896இல் சிறை சென்றார். தண்டனை முடிந்து வெளிவந்தவர் 1904இல் அதேபோன்ற குற்றத்திற்காக மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே உண்மைக் குற்றவாளி பிடிபட்டதால் அவர் மன்னிப்பளித்து விடுவிக்கப்பட்டார். செய்யாத குற்றத்திற்கு 'மன்னிப்பு' என்னும் சொல் எவ்வளவு பொருந்தாதது என்பதைக் கவிஞர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. அவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியே, குற்ற மேல்முறையீட்டுக்கெனத் தனி நீதிமன்றம் அமைக்கும் 1907ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முதன்மையான தூண்டுதலாயிற்று.

ஸ்காட்லாந்தில் ஆஸ்கர் ஸ்லேட்டர் 1909இல் கொலைக் குற்றத்திற்காக மரண தண்டனை பெற்று, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அவருக்காக 1912இலேயே நூலெழுதி வாதாடினார். ஆயினும் 1927இல்தான் ஸ்லேட்டர் வெளிவந்தார். 1928இல்தான் தீர்ப்பு நீக்கப்பட்டது. கற்பனையில் ஒரு மாலைப்பொழுதில் புதிரை அவிழ்த்த துப்பறிவாளரின் ஆசிரியர், வாழ்க்கையில் ஒரு வழக்கை அவிழ்க்கப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்.

கதைகளோ நம்பிக்கையை விடவில்லை. ஜான் பக்கனின் 'முப்பத்தொன்பது படிகள்' 1915இல் நாவலாக வந்தது. அதை 1935இல் படமாக்கினார் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். கொலைப்பழி சுமந்து ஓடும் நாயகன், இறுதியில் ஓர் அரங்கில், நினைவாற்றல் வித்தை காட்டும் மனிதரிடம் தன் கேள்வியைக் கேட்கிறான். குண்டடிபட்டு உயிர்விடும் தறுவாயில் அம்மனிதர் தாம் மனனம் செய்த இரகசியத்தை ஒப்புவித்துவிட்டே கண் மூடுகிறார். 1937இல் ஹிட்ச்காக் எடுத்த 'யங் அண்ட் இன்னசென்ட்' படத்திலும், கண் துடிக்கும் மேளக்காரன் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். உண்மை எங்கேனும் ஒளிந்திருக்கும். ஆயினும் கடைசி நிமிடத்தில் அது தானாகவே பேசிவிடும். போருக்கு முந்திய இங்கிலாந்தின் நம்பிக்கை இதுவே.

பங்கீட்டு அட்டையின் காலம்

போர் 1945இல் முடிந்தது. தட்டுப்பாடு முடியவில்லை. 1940 சனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 சூலை வரை நீடித்தது. போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டி, அமைதி திரும்பிய பின்னர் 1946 சூலையில் பங்கீட்டுக்கு வந்து இரண்டாண்டுகள் அவ்வாறே இருந்தது. துணிக்கும் 1949 வரை கூப்பன் தேவைப்பட்டது. 1947இன் தொடக்கத்தில் கடும் பனியும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்து நாட்டை முடக்கின. வென்ற நாடு வரிசையில் நின்றது.

வரிசை நீளும் இடத்தில் பின்வாசலும் திறக்கும். கூப்பனின்றிப் பட்டுக் காலுறையும் சிகரெட்டும் இறைச்சியும் விற்கும் பகட்டு உடைக்காரர்கள் தெருமுனைகளில் தோன்றினர். 'ஸ்பிவ்' என்று மக்கள் அவர்களை அழைத்தனர். அவர்களை வெறுத்தவர்களே அவர்களிடம் வாங்கவும் செய்தனர். சட்டத்தை மதித்துப் பழகிய ஒரு சமூகத்தில், கொஞ்சம் சட்டமீறல் அன்றாட வழக்கமாயிற்று. இதே 1947இல் 'பிரைட்டன் ராக்', 'இட் ஆல்வேஸ் ரெய்ன்ஸ் ஆன் சண்டே' ஆகிய படங்களும் வெளிவந்தன. பின்னதன் கதையிலும் சிறையிலிருந்து தப்பிய ஒருவன் இலண்டனின் கிழக்குப் பகுதியில் பழைய காதலியின் வீட்டில் ஒளிகிறான். இவை ஓர் அணியாக எழுந்தது தற்செயல் அன்று.

படமும் அதை ஆக்கியோரும்

ஜாக்சன் பட் எழுதிய நாவலொன்றைத் தழுவி, 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் திரைக்கதையாளருள் ஒருவரான நோயல் லாங்லி இப்படத்துக்குத் திரைக்கதை அமைத்தார். இயக்கியவர் ஆல்பெர்ட்டோ கவால்கான்டி. பிரேசிலில் பிறந்து, பாரிசின் புதுமைக் கலைஞர்களிடையே வளர்ந்து, 1930களில் பிரிட்டிஷ் அஞ்சல்துறையின் படப்பிரிவில் ஆவணப்படங்களுக்கு ஒலியின் இலக்கணத்தைக் கற்பித்தவர். ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லர் பிராகைச் சேர்ந்தவர். ஆகவே 'ஆங்கிலப் படம்' என்று நாம் சொல்லும் இதில், இங்கிலாந்தை உற்றுநோக்கியவை வெளியிலிருந்து வந்த கண்கள். உள்ளூரார் பார்க்க விரும்பாத ஈரச் சுவர்களையும் இருண்ட சந்துகளையும் அவை தயங்காமல் பார்த்தன.

கதைத்தலைவன் க்ளெம் மார்கன் விமானப்படையில் பணியாற்றித் திரும்பியவன். போரில் நாட்டுக்குத் தேவைப்பட்ட துணிச்சல், போருக்குப் பின் யாருக்கும் தேவைப்படவில்லை. குடியும் சலிப்புமாகக் கிடந்தவன், நார்சி என்பவனின் கள்ளச்சந்தைக் கூட்டத்தில் சேர்கிறான். சவப்பெட்டி செய்யும் கடையே அவர்களின் கிடங்கு. சவப்பெட்டிகளுக்குள்ளேயே சரக்கு வருகிறது. ஒருநாள் போதைப்பொருளும் வருவதைக் கண்ட க்ளெம் அதை எதிர்க்கிறான். தனக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு என்று எண்ணும் மனிதனை நார்சி பொறுத்துக்கொள்வதில்லை. ஒரு திருட்டின்போது அவனைச் சிக்கவைக்கிறான். தப்பும் காரில் அடிபட்டு ஒரு காவலர் இறக்கிறார். காரை ஓட்டியவன் வேறொருவன். நினைவிழந்து சிக்கிக்கொள்பவனோ க்ளெம். அவன் டார்ட்மூர் சிறைக்கு அனுப்பப்படுகிறான்.

டார்ட்மூர் என்ற பெயர் ஆங்கில வாசகருக்கு வெறும் இடப்பெயர் அன்று. நெப்போலியன் காலத்துப் போர்க்கைதிகளுக்காகப் பனி மூடிய மேட்டுநிலத்தில் எழுப்பப்பட்ட அக்கற்கோட்டை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குற்றவாளிகளின் சிறையாயிற்று. கால்ஸ்வொர்தி 1926இல் எழுதிய 'எஸ்கேப்' நாடகத்திலும், ஒரு பெண்ணுக்காகப் பரிந்து காவலர் ஒருவரின் சாவுக்குக் காரணமானவன் இச்சிறையிலிருந்தே தப்பி ஓடுகிறான். வழியில் அவன் சந்திக்கும் மனிதர்களின் மனச்சான்றே அந்நாடகத்தின் பொருள்.

கவால்கான்டியின் படத்தில் அந்தச் சந்திப்பு நஞ்சாகிவிடுகிறது. முதுகில் குண்டுத் துகள்கள் ஏறிய நிலையில் க்ளெம் ஒரு வீட்டில் நுழைகிறான். அவ்வீட்டுப் பெண் அவனுக்கு உணவும் உடையும் தருகிறாள். கைம்மாறாகத் தன் கணவனைக் கொல்லும்படி கேட்கிறாள். அவன் மறுத்துச் செல்கிறான். அவன் கைரேகை பதிந்த துப்பாக்கியாலேயே அவள் கணவனைச் சுட்டுவிடுகிறாள். செய்யாத குற்றம் ஒன்றுக்காக ஓடுபவன்மேல் செய்யாத மற்றொரு குற்றமும் ஏறுகிறது. ஒருமுறை குற்றவாளி என்று எழுதப்பட்டுவிட்டால், ஊரிலுள்ள குற்றமெல்லாம் அந்தப் பெயரையே தேடி வரும் என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டிவிட முடியாது.

இறுதிக் காட்சி

இலண்டன் திரும்பிய க்ளெம்முக்குத் துணை நிற்பவள் நார்சியால் கைவிடப்பட்ட சாலி. காரை ஓட்டியவனின் சாட்சியமே க்ளெம்மைக் காப்பாற்றும். ஆனால் அவன் கொல்லப்படுகிறான். எஞ்சியிருப்பவன் நார்சி மட்டுமே. சவப்பெட்டிக் கடையின் கூரைமீது, 'அமைதியில் துயில்க' என்னும் பொருள்தரும் மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளின் நிழலில் இறுதிப் போராட்டம் நடக்கிறது. நார்சி தவறி வீழ்கிறான். உயிர் இன்னும் இருக்கிறது. காவல்துறையினர் சூழ நிற்கின்றனர். சாலி கெஞ்சுகிறாள். ஒரு சொல் போதும்.

அவன் அந்தச் சொல்லைச் சொல்லாமல், வெறுப்போடு சாகிறான்.

1935இன் நினைவாற்றல் மனிதர் இறக்கும்போது உண்மையைச் சொன்னார். 1947இன் நார்சி இறக்கும்போதும் அதை மறைத்தான். இவ்விரண்டு மரணங்களுக்கும் இடையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் நம்பிக்கைக்கு நேர்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் வினா. க்ளெம் மீண்டும் சிறைக்கே செல்கிறான். சாலி காத்திருப்பேன் என்கிறாள். நீதி வரும் என்னும் உறுதியைப் படம் நமக்குத் தரவில்லை.

சிலப்பதிகாரம் பயின்ற நம் நெஞ்சில் இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமற்போகாது. கண்ணகியின் கையில் இன்னொரு சிலம்பு இருந்தது. சிலம்பு உடைந்தபோது மாணிக்கம் தெறித்து உண்மை உரைத்தது. க்ளெம்முக்கு அப்படியொரு சிலம்பு இல்லை. சான்று உள்ளவனின் நீதியைப் பாடுவது காப்பியம். சான்று இல்லாதவனின் நீதி என்னவாகும் என்று கேட்டது அந்த இருண்ட படம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஹிட்ச்காக்கின் நாயகர்கள் மாசற்றவர்கள். க்ளெம் அவ்வாறில்லை. அவன் கள்ளச்சந்தைக்காரன், திருடப் போனவன். ஆனால் அவன் செய்த குற்றம் வேறு, அவன்மேல் எழுதப்பட்ட குற்றம் வேறு. கறையுள்ள மனிதனுக்கும் நீதி கேட்கும் துணிவு இப்படத்திற்கு இருந்தது. தூயவனுக்காக இரங்குவது எளிது; கறைபட்டவனுக்காக இரங்கும்போதே நம் நீதியுணர்வு சோதிக்கப்படுகிறது.

படத்திற்குப் பின் வந்த வாழ்க்கை

1948 ஏப்ரலில், தூக்குத்தண்டனையை ஐந்தாண்டுகள் நிறுத்திவைக்கப் பொதுமக்கள் அவை வாக்களித்தது. பிரபுக்கள் அவை அதை நிராகரித்தது. தூக்குமரம் நின்றது.

1950 மார்ச் 9ஆம் நாள், தன் கைக்குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட திமோதி எவன்ஸ் என்னும் கல்வியறிவற்ற இளைஞர் இலண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் காவல்துறையிடம் முன்னுக்குப்பின் முரணான வாக்குமூலங்கள் தந்திருந்தார். பொய் சொல்பவர் எனப் பெயரெடுத்தவர். அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்றாண்டுகள் கழித்து 1953இல், அவ்வீட்டிலிருந்து பெண்களின் சடலங்கள் வெளிப்பட்டன; கிறிஸ்டி தொடர்கொலைகாரன் என்பது தெரியவந்தது. எவன்ஸின் மனைவியைக் கொன்றதையும் அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் எவன்ஸ் எந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலேறினாரோ, அந்தக் குழந்தையின் கொலையை மட்டும் அவன் ஒப்புக்கொள்ளாமலே தூக்கிலேறினான். நார்சியின் வாயை மூடியவர் திரைக்கதையாளர். கிறிஸ்டியின் வாயை மூடியது யார் கற்பனையும் அன்று.

அவ்வாண்டு நடந்த அரசு விசாரணை எவன்ஸே குற்றவாளி என்று மீண்டும் கூறியது. 1961இல் லுடோவிக் கென்னடி இவ்வழக்கை ஆராய்ந்து எழுதிய நூல் பொதுமக்களின் மனத்தைத் திருப்பியது. 1966இல் நடந்த மறுவிசாரணைக்குப் பின் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. தூக்கிலிடப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1965இல் கொலைக்குற்றத்திற்கான மரண தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, 1969இல் அந்நிறுத்தம் நிலையாக்கப்பட்டது. அம்மாற்றத்திற்கு வழி கோலிய வழக்குகளுள் எவன்ஸின் வழக்கு முதன்மையானது. தவறான தீர்ப்புகளை ஆராய்வதற்கெனத் தனி ஆணையம் ஒன்று 1997இல்தான் அங்கே பணி தொடங்கியது.

கலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே விந்தையான ஒரு கண்ணியையும் குறிப்பிட வேண்டும். 1947இன் 'பிரைட்டன் ராக்' படத்தில் இளம் கொலைகாரனாக நடித்த ரிச்சர்ட் அட்டன்பரோ, 1971இல் எவன்ஸ் வழக்கைப் படமாக்கியபோது கிறிஸ்டியாக நடித்தார். பங்கீட்டுக் காலத்து இருள் கால் நூற்றாண்டு கடந்தும் அந்நாட்டின் திரையை விட்டு அகலவில்லை.

அன்பர்களே, ஒரு குற்றப்படத்திற்கு இவ்வளவு இடம் தரலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உண்மை இறுதியில் வெல்லும் என்று எழுதுவது நம் அனைவர்க்கும் பழக்கமான வரி. அது நல்ல வரிதான். ஆயினும் உண்மை தானாக வெல்வதில்லை. யாரேனும் ஒருவர் பதினாறு ஆண்டுகள் எழுத வேண்டியிருக்கிறது. யாரேனும் ஒருவர் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாய் திறவாமல் இறந்தவனின் இடத்தில் நின்று பேச வேண்டிய கடமை, அப்போது உயிரோடிருப்பவர் கைக்கு வந்துசேர்கிறது. சொல்லை ஆள்பவர்க்கு அக்கடமை இன்னும் சற்று மிகுதி.