வயலின் வடிவும் பரப்பின் கணக்கும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பகுதியில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. இதன் அயலிலேயே வாவி கடலோடு கலக்கும் தென்முகம் உள்ளது. மணல் அம்முகத்தை அடைத்தவிடத்து மாரிநீர் தேங்கிக் கரையோரத் தாழ்நிலங்களை மூடும். முகம் திறந்ததும் வடியும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விரிந்துள்ள வயல்களோ நீரின் போக்குக்கும் மேடுபள்ளத்துக்கும் இயைய வரம்பிடப்பட்டவை. பாடநூலிற் காணும் செவ்வகமும் முக்கோணியும் இத்தகைய நிலங்களில் தனித்துக் கிடைப்பது அரிது. இவற்றின் பரப்பை மாந்தர் கண்ட முறை, கணித வரலாற்றுக்கு மட்டுமன்றி நிலவுரிமை வரலாற்றுக்கும் உரிய பொருளாகும்.

இப்பகுதி உழவர் நெடுங்காலம் வயலை விதையால் அளந்தனர். இத்தனை அவண விதைப்பு நிலம் என்பதே வழக்கு. இதனை நுட்பமற்ற அளவை என ஒதுக்குதல் பொருந்தாது. விதையளவை வயலின் வடிவத்தை வினவுவதே இல்லை; வரம்பு எவ்வளவு வளைந்தாலும் அதற்கு இடரில்லை. ஆயின் மண்ணின் தன்மைக்கேற்ப விதைப்பின் நெருக்கமும் வேறுபடுமாதலின், இரு வேறிடத்து நிலங்களை ஒப்பிட வேண்டியபோது அது போதாதாயிற்று.

தமிழகத்தில் கோலால் அளந்து குழி, மா, வேலி எனக் கணக்கிட்டனர். கோணலான நாற்பக்கல் ஒன்றின் எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு சராசரிகளையும் பெருக்கும் விதி பழைய நாடுகள் பலவற்றில் வழங்கிற்று. எகிப்தின் எட்பூக் கோயிற் கல்வெட்டுகளில் அது காணப்படுகிறது. கி.பி. 628 இல் பிரமகுப்தர் அதனைப் பருமட்டான விதி என்றே வேறு பிரித்துக் கூறினார். செவ்வகத்துக்கு மட்டுமே அவ்விதி மெய்விடை தரும். ஏனைய நாற்பக்கல்கள் அனைத்துக்கும் மிகையாகவே விடை வரும். பக்கம் ஒவ்வொன்றும் 13 கோலாகவும் மூலைவிட்டங்கள் 10, 24 கோலாகவும் உள்ள சாய்சதுரத்துக்கு மெய்ப்பரப்பு 120 சதுரக்கோல். பழைய விதியோ 169 என்னும். வரி பரப்பின்மேல் விதிக்கப்படுமாயின் இம்மிகை எவர் தலையில் விழும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

1150 இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர் இக்குறையின் வேரைக் கண்டவர். நான்கு பக்கங்களை மட்டும் கூறி, மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ கூறாது பரப்பை வினவுபவனை அவர் பேய் என ஏசுகிறார். விடை பகர்பவனையும் விட்டாரில்லை. கணித நூலில் இத்துணைச் சினம் வியப்பே. எனினும் ஏச்சின் உட்பொருள் தெளிவானது: உருவைப் பிரித்தாலன்றிப் பரப்புப் பிறவாது.

இப்பிரிப்பே பிற்கால நிலவளவையின் அடிப்படையாயிற்று. 1620 அளவில் இங்கிலாந்தில் கன்டர் வகுத்த சங்கிலி 66 அடி நீளமுடையது. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 இல் தோன்றியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அதன்பின் வரம்பின் கோடு வெறுங்கோடாக இருக்கவில்லை.

எடுத்துக்காட்டாக, வாவிக்கரையில் ஒரு நிலத்தைக் கொள்வோம். அதன் நடுவே 8 சங்கிலி நீள அடிக்கோடு. ஒருபுறம் 5 சங்கிலி உயரமுள்ள முக்கோணி. பரப்பு 20 சதுரச் சங்கிலி. மறுபுறம் வாவியின் வளைகரை. அடிக்கோட்டில் 2 சங்கிலிக்கு ஒன்றாகக் கரைவரை செங்குத்துகள் அளந்தால் 0, 2, 3, 2, 0 எனக் கிடைப்பதாகக் கொள்க. ஓரங்களில் இரு முக்கோணிகளும் இடையில் இரு சரிவகங்களும் அமையும், கூட்டுத்தொகை 14. முழுநிலம் 34 சதுரச் சங்கிலி, அதாவது 3.4 ஏக்கர். வளைவையும் கணக்கிற்கொள்ளும் சிம்சன் விதிப்படி இது 34.67 ஆகும். வேறுபாடு ஏறத்தாழ 11 பேர்ச். சிறு வீட்டுக்குப் போதிய மனை.

ஆயினும் அளவைக்காரரின் இடர் விதியோடு முடிவதில்லை. முகம் அடைபட்ட மாரியில் நீர்விளிம்பு அரைச் சங்கிலி உள்ளேறின், அதே செங்குத்துகள் 0, 1.5, 2.5, 1.5, 0 ஆகிவிடும். வளைகரைப் பகுதி 14 இலிருந்து 11 ஆகக் குறையும். இழப்பு 48 பேர்ச். முக்கோணி அப்போதும் 20 ஆகவே இருக்கும். வரைபடத்தில் எந்தக் கோட்டைக் கரை என்று வரைவது என்னும் வினாவுக்குச் சரிவக விதியும் சிம்சன் விதியும் விடை கூறா. அது நிலவுரிமையாளரும் அரசும் வழக்காடித் தீர்க்க வேண்டியதாகவே நின்றது.